இறக்காத கை

போன ஐப்பசியில், திருவனந்தபுரம் கரமனைப் பக்கம், ஒரு பல் மருத்துவரின் நாற்காலியில் நான் மல்லாந்து கிடந்த முற்பகல் அது. பெய்வதா வேண்டாமா என்று வானம் தனக்குள் பேசிக்கொண்டிருந்தது. என் வாய் திறந்திருந்தது. இடது கை மேலே தூக்கியிருந்தது. இந்த இரண்டையும் இப்போதே சொல்லி வைக்கிறேன். அன்று என் உயிர் ஊசலாடியது இந்த வாய்க்கும் அந்தக் கைக்கும் நடுவில்தான்.

எங்களுக்கு ஆரியசாலையில் கடை. சாலைக் கம்போளச் சந்தையை ஒட்டிய அந்தப் பழைய சந்துகளைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்: ஒரு பக்கம் மிளகாய் வற்றல் மூட்டை, மறுபக்கம் கொப்பரை, நடுவில் கயிறு, அதற்கும் நடுவில் தும்மல். அந்தத் தும்மலுக்குள் இரும்பு வாசனையோடு நிற்பது எங்கள் கடை. லேத், துளைபோடும் இயந்திரம் போன்றவற்றுக்கான சாமான்கள். வீட்டுக்காரர் நாகர்கோவில்காரர், கல்யாணமாகி வந்த நாள் முதல் நானும் அந்த இரும்புக்குள்தான் இருக்கிறேன்.

நாங்கள் விற்பது பெரும்பாலும் பிடிகள். லேத்தில் சுழலும் இரும்பைப் பற்றிக்கொள்வது சக்கு. மூன்று தாடைகள் ஒன்றாக நகர்ந்து வந்து கவ்வும். சின்னச் சாமான்களைப் பிடிக்க கோலெட் என்று ஒன்று உண்டு. நீளவாக்கில் கீறல் விட்ட எஃகுக் குழல். அதைக் குறுகிய வாய்க்குள் பின்னால் இழுத்தால் கீறல்கள் நெருங்கி, உள்ளே இருப்பதை நாலாபக்கமும் கட்டிப்பிடிக்கும். மைக்ரோ டிப் பென்சில் பார்த்திருப்பீர்களே, பின்னால் அழுத்தினால் முனையில் ஒரு குட்டி வாய் திறக்கும், விட்டால் மூடிக் குச்சியைப் பிடிக்கும், அதுவும் ஒரு கோலெட்தான். இதைச் சொன்னால் எல்லாரும் ஒரு முறை பென்சிலை எடுத்து அழுத்திப் பார்ப்பார்கள். நீங்களும் பாருங்கள். பிறகு வாருங்கள்.

சக்கின் தாடையை எங்கள் தொழிலில் ஜா என்போம், இங்கிலீஷில் மனுஷத் தாடைக்கும் அதே பெயர்தான். ‘அக்கா, நம்ம சக்குக்கு ஜா தேஞ்சு போச்சு’ என்று முதன்முதலில் ஒருவர் வந்து நின்றபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்ததற்கு வட்டி அன்று வந்தது. கடைவாய்ப் பல் குடைய ஆரம்பித்து, கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு நான் கிளம்பும்போது, வண்டியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் சொன்னார்:

“ஏட்டி, ஜா போச்சுன்னா போகட்டும். ஸ்டாக் இருக்கு. உனக்குன்னா விலையில கொறச்சுத் தாறேன்.”

“ஒங்க வாய்க்கு ஒரு பூட்டு ஸ்டாக் இருக்கான்னு மொதல்ல பாருங்க” என்று விட்டுத்தான் ஆட்டோ ஏறினேன். கழக்கூட்டத்தில் ஒரு கட்டட வேலைக்குத் துளைபோடும் இயந்திரத்தின் சக்குகள் கொடுக்க அவர் போனார். கடைக்குப் பூட்டு. சாயங்காலம் திறக்கலாம் என்று பேச்சு.

பல் மருத்துவர் சின்ன வயதுப் பெண். என்னைச் சேச்சி என்றுதான் கூப்பிடுவார். அவர் தமிழ் பாதியில் மலையாளத்துக்குத் திரும்பிவிடும், என் மலையாளம் பாதியில் நாகர்கோவிலுக்கு ஓடிவிடும். ஆனாலும் இத்தனை வருஷத்தில் ஒரு பல்லைப் பற்றிப் பேசிக்கொள்ள இரண்டும் போதுமானதாகத்தான் இருந்திருக்கிறது. ஊசி போட்டார். பாதி முகம் என்னிடமிருந்து விலகி வேறு யாருடையதோ ஆனது. வாயில் பஞ்சு. வலித்தால் இடது கையைத் தூக்கிவிடுங்கள், உடனே நிறுத்திவிடுவேன் என்றார்.

பிறகு பல்லைக் குடையும் கருவியை எடுத்தார். பர் என்று சொல்லும் துளையூசி, தீக்குச்சியில் பாதி நீளம் இருக்கும். கருவியின் தலையைப் பின்னாலிருந்து கட்டைவிரலால் அழுத்தி, ஊசியை நுழைத்து, விரலை விட்டார். டிக்.

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? வெளியூர்க் கல்யாணத்தில் சொந்தக்காரப் பெண்ணைப் பார்த்ததுபோல! அடியே, நீயா? நீ எங்கே இங்கே? அத்தனை சின்னத் தலைக்குள் ஒரு சக்கு. எங்கள் கடைக் கண்ணாடிப் பெட்டியில் இருப்பவற்றின் கடைக்குட்டி. என்ன அளவு என்று கேட்க நாக்கு துடித்தது. வாயில் பஞ்சு இருந்ததால் என் மானம் பிழைத்தது.

குடைய ஆரம்பித்தார். அந்தச் சத்தம் உங்களுக்குத் தெரியும். எல்லாரையும் ஓடவைக்கும் அந்தக் கீச்சு எனக்கு அவ்வளவு பயமில்லை. சுழலும் எஃகின் சத்தத்தில்தான் எனக்குப் பிள்ளை வளர்ந்தது. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். நேராக, ஒரு கம்பிபோல, மெலிந்து, மெலிந்து.

அந்தக் கம்பியில் ஒரு நடுக்கம் வந்தது.

எப்படிச் சொல்ல? சீராக ஓடிக்கொண்டிருந்த கீச்சுக்குள் ஒரு கரகரப்பு. ஒரு தடுமாற்றம். ‘பிடி விடுகதுக்கு முன்ன சத்தம் மாறும்’ என்று வீட்டுக்காரர் கடைக்கு வருகிறவர்களிடம் ஆயிரம் தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். என் மூளை அதை நினைத்து முடிப்பதற்குள் கை தானாக மேலே போய்விட்டது. வலி இல்லை. வலியே இல்லை. நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு இருந்த ஒரே வாய் அந்தக் கைதான்.

அவர் வலி என்று நினைத்தார். வேறு எப்படி நினைப்பார்? “தா தீர்ந்நு சேச்சி, தா தீர்ந்நு” என்று, இதோ முடிந்துவிட்டது எனக் கொஞ்சலாகச் சொல்லிக்கொண்டே, கருவியை ஓட்டும் மிதியிலிருந்து காலை எடுக்கப் போனார். எடுத்தும்விட்டார் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் சத்தம் வெறுமையாக ஓடியது. பிடித்திருந்ததை இழந்த கருவியின் சத்தம். என் அடிநாக்கில் சில்லென்று ஏதோ விழுந்தது.

“சேச்சி! இறக்கல்லே! இறக்கல்லே!”

இறக்கவில்லை! நானா இறக்குவேன்? டாக்டர் அலறுகிறார், கையை இறக்காதே என்கிறார், என்ன காரணமோ, கையில்தான் என் உயிர் இருக்கிறதோ என்னவோ! முழங்கையை விறைத்து, விரல்களை விரித்து, பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்த பிள்ளைபோலக் கையை இன்னும் மேலே, இன்னும் மேலே தூக்கினேன். அந்த விறைப்பில் தொண்டை தானாக ஒரு மடக்கு மடக்கியது. பிறகு ஒரு இருமல். இருமலா அது? யாரோ நெஞ்சுக்குள் கையை விட்டுச் சட்டையைப் பிடித்து உலுக்கினார்கள். கண்ணெல்லாம் தண்ணீர். நாற்காலி ஆடியது. டாக்டர் என்னை ஒருக்களித்துச் சாய்த்து, வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினார். உறிஞ்சு குழாய் குரங்குபோலக் கத்தியது.

பிறகு சட்டென்று எல்லாம் அமைதி. இருமல் நின்றது. மூச்சு வந்தது. போனது. வலி கிடையாது, அடைப்பு கிடையாது.

“இறக்கியோ? சேச்சி, இறக்கியோ?”

இல்லை என்று வேகமாகத் தலையாட்டினேன். கொஞ்சம் ரோஷமாகவே ஆட்டினேன். இவ்வளவு இருமலிலும் இறக்கவில்லையே, பாருங்கள், இதோ நிற்கிறதே கை!

அவர் கையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பெண்ணின் முகத்திலிருந்து நிறம் கீழே இறங்குவதை நான் பார்த்தேன், குழாயைத் திறந்துவிட்ட தொட்டிபோல.

அதன்பின் தேடல். என் கழுத்தில் கட்டிய துணி, முந்தானை, துப்பும் தொட்டி, உறிஞ்சு குழாயின் பாட்டில். உதவிக்கு இருந்த சிஸ்டர் தரையில் முட்டி போட்டு டார்ச் அடித்தார். இல்லை. எங்கேயும் இல்லை. எனக்கு உள்ளுக்குள் தெரியும், அது வயிற்றுக்குப் போய்விட்டது. சில்லென்று போனதை நான்தானே உணர்ந்தேன். சரி, போனது போகட்டும், நாலு வாழைப்பழம் தின்றால் வெளியே வந்துவிடப் போகிறது, இதற்கா இவ்வளவு கலவரம் என்று இருந்தது. சொல்லலாம் என்றால் நாக்கும் உதடும் மரத்துக் கிடந்தன. டாக்டர் கையுறையைக் கழற்றி எறிந்தார். உடனே எக்ஸ்ரே எடுக்கணும், இப்பவே என்றார். வெளியே காத்திருந்தவர்களிடம் நாளைக்கு வரச் சொல்லிவிட்டு, என்னைத் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டார்.

மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இல்லை இல்லை என்று தலையாட்டியது.  நான் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். நான் சொன்னது எனக்கே புரியவில்லை.

“ஏட்டி, என்ன பேசுத? வாயில பழமா? எவனாவது ஒன்ன ஏமாத்திப் பல்லு பூராத்தையும் பிடுங்கிட்டானா?”

டாக்டர் போனை வாங்கி, ஆஸ்பத்திரி பெயரையும் உடனே வரணும் என்பதையும் மட்டும் சொன்னார். அந்தப் பக்கத்தில் சிரிப்பு நின்ற சத்தம் எனக்கும் கேட்டது. சிரிப்பு நிற்பதற்கும் ஒரு சத்தம் உண்டு.

நெஞ்சைப் படம் எடுத்தார்கள். சங்கிலியைக் கழற்று, மூச்சை இழு, பிடி, விடு. பிறகு ஒரு நீளப் பெஞ்சு. நானும் டாக்டரும். மரப்பு மெல்ல இறங்கி, உதடு எறும்பு ஊர்ந்து ஊர்ந்து எனக்கே திரும்பி வந்தது. பேச்சும் வந்தது. டாக்டர்தான் முதலில் கேட்டார், ஏதாவது கேட்க வேண்டுமே என்பதுபோல.

“சேச்சி, அந்நேரம் கை எதுக்கு அப்படிப் பொக்கிப் பிடிச்சு வச்சிருந்தது?”

“நீங்கதானே டாக்டர் இறக்காதன்னு சத்தம் போட்டிய.”

“கையோ?”

“கைதான். பின்ன என்னத்த?”

அவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார்.  “என்றே சேச்சீ! இறக்கல்லேன்னா விழுங்கல்லேன்னு! தொண்டையில இறக்கிடாதன்னாக்கும் நான் பறஞ்சது!”

எனக்கு அந்தச் சொல் தெரியாதா என்ன? தெரியும். நன்றாகவே தெரியும். எச்சில் இறக்கினாயா, மருந்து இறக்கினாயா என்று பக்கத்து வீட்டில் தினமும் கேட்கிற சொல்தான். ஆனால் ஆரியசாலையில் விடிந்தால் அடைந்தால் என் காதில் விழுவது மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்களின் இறக்கு. மூட்டையை இறக்கு, இங்கே இறக்காதே, அங்கே இறக்கு. அதோடு என் கை வேறு தூக்கியிருந்ததா, சொல் நேராக வந்து கையில் மாட்டிக்கொண்டது. மலையாளத்தில் விலை பேசுவேன், சண்டை போடுவேன், சமாதானமும் ஆவேன். பயப்படுவது மட்டும் தமிழில்தான் போலிருக்கிறது.

“அப்போ, இறக்கியோன்னு நான் கேட்டப்போ தலையாட்டினது?”

“கைய இறக்கலன்னு சொன்னேன்.”

“அப்போ சேச்சி விழுங்கியோ?”

“விழுங்கின மாதிரிதான் இருக்கு டாக்டர். சில்லுன்னு போச்சு.”

“என்றே தெய்வமே!” என்று அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் பிடித்துக்கொண்டது. வாய் ஒரு பக்கமாகக் கோண, எச்சில் வழிய, நானும் சிரித்தேன். நான் விழுங்கவில்லை என்று சொன்னதால்தான் அவர் பயந்திருக்கிறார். வயிற்றிலும் இல்லை, வெளியிலும் இல்லை என்றால் அது போக மிச்சமிருக்கும் வழி மூச்சுக்குழாய் ஒன்றுதான். அதைச் சொல்லாமல் காரை ஓட்டியிருக்கிறார். இப்போது எல்லாம் சரி! வயிறுதான்! வாழைப்பழம்தான்! பெஞ்சு குலுங்கியது. எதிரில் இருந்த கிழவர் ஒருவர் முறைத்தார்.

நான் எழுந்துவிட்டேன். முந்தானையை உதறி இழுத்துச் சொருகி, “அப்ப வாருங்க டாக்டர் போவோம், கடையப் பூட்டிப் போட்டு வந்திருக்கேன்” என்றேன். அவரும் எழுந்தார். கார்ச் சாவியைக் கையில் எடுத்தார். வாசலைப் பார்த்து நடந்தோம். ஆமாம், நடந்தோம். இதை நான் மறைக்காமல் சொல்ல வேண்டும். மழைக்காற்று முகத்தில் படும் தூரம்வரை நடந்துவிட்டோம்.

அவர் நின்றார். “எடுத்தாச்சுல்லே சேச்சி. படம் வரட்டும். ஒரு நோட்டம் நோக்கிட்டுப் போகாம்.”

நான் சலித்துக்கொண்டுதான் திரும்பினேன்.

கூப்பிட்டார்கள். திரையில் என் நெஞ்சு. விலா எலும்புகள் ஏணிப்படிபோல, நடுவில் இதயத்தின் சாம்பல் நிழல். வலது பக்கம், கீழே, அந்த ஏணிக்கு நடுவில் வெள்ளையாக ஒன்று நின்றது. மங்கலாக அல்ல. யாரோ இப்போதுதான் அடித்த ஆணிபோலப் பளிச்சென்று. அதன் தண்டு தெரிந்தது, கழுத்து தெரிந்தது, வெட்டும் தலை தெரிந்தது. எனக்கு அடையாளம் சொல்ல யாரும் வேண்டியிருக்கவில்லை. கருவியின் தலைக்குள் சக்கின் பிடியில் இருக்க வேண்டியது என் நுரையீரலுக்குள் நின்றுகொண்டிருந்தது.

நம்பவில்லை நான். படம் மாறிவிட்டது என்றே சொன்னேன். இருமல் இல்லை, வலி இல்லை, இப்போதுதானே சிரித்தேன்! இதை நெஞ்சில் வைத்துக்கொண்டா சிரித்தேன்? ஒவ்வொரு சிரிப்புக்கும் அது உள்ளே ஆடியிருக்குமே! அடுத்த மூச்சை இழுக்கப் பயமாக இருந்தது. இழுத்தால் இன்னும் கீழே போகுமோ? விட்டால் குத்துமோ? மூச்சு விடுவதை ஒரு வேலையாக நினைத்துச் செய்திருக்கிறீர்களா? செய்து பாருங்கள். அன்று நான் செய்தேன்.

நுரையீரல் டாக்டர் நரைத்த மீசைக்காரர், நிதானமானவர். உடம்பு முதலில் இருமித் தள்ளப் பார்க்கும், முடியாவிட்டால் பேசாமல் இருந்துவிடும், அந்த அமைதியை நம்பக் கூடாது என்றார். வீட்டுக்குப் போயிருந்தால் கொஞ்ச நாளில் காய்ச்சல், அதன்பின் சீழ், அதன்பின் நுரையீரலில் அந்தப் பகுதியே கெட்டுப்போகும். இன்றே எடுக்க வேண்டும். வாய் வழியாகக் குழாய் விட்டு எடுத்துப் பார்க்கலாம். எஃகு வழுவழுப்பானது, வழுக்கும். எடுக்க முடியாவிட்டால் நெஞ்சைத் திறக்க வேண்டிவரும்.

நெஞ்சைத் திறக்க! பல்லைத் திறக்கத்தானே நான் வந்தேன்?

தொண்டையில் கசப்பாக ஏதோ அடித்தார்கள். கையில் ஒரு ஊசி ஏற்றினார்கள். தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை, நடுவில் ஒரு ஈரமான இடம். பல் டாக்டரும் டாக்டர்தானே, அவரை உள்ளே விட்டார்கள். தலைமாட்டில் நின்றார். பக்கவாட்டில் ஒரு திரை. அதில் நான் என்னைப் பார்த்தேன், உள்ளிருந்து. இளஞ்சிவப்புக் குகை, வளையம் வளையமாக, மழையில் நனைந்ததுபோல மினுமினுப்பு. குகை இரண்டாகப் பிரிந்தது. மறுபடி பிரிந்தது. ஒரு முடுக்கில், தலைகீழாகச் சொருகி, வாலை மட்டும் காட்டிக்கொண்டு, அது.

முதலில் ஒரு கவ்வி போனது. முதலை வாய்போல இரண்டு உதடு. கவ்வியது. வழுக்கியது. மறுபடி கவ்வியது. வழுக்கியது. வழுக்கும்போது ஊசி அரை நெல் அளவு உள்ளே போனதைத் திரையில் பார்த்தேன்.  மீசைக்கார டாக்டர் கையை நீட்டி வேறொன்று கேட்டார்.

குழாயின் நுனியிலிருந்து அது வெளியே வந்தது. மூன்று மெல்லிய விரல்கள், நுனி வளைந்து, பூ விரிவதுபோல விரிந்தன. ஊசியின் வாலைச் சூழ்ந்து நின்றன. டாக்டர் சிஸ்டரிடம் ‘மெல்ல’ என்றார். மெல்ல, பின்னால், பின்னால். அந்த மூன்று விரலும் குழலுக்குள் பின்வாங்கப் பின்வாங்க, குறுகிய வாய் அவற்றை நெருக்க, நெருங்கி, நெருங்கி, நாலாபக்கமும் கட்டிப்பிடித்தன.

கோலெட்.

மயக்கத்தில் பிதற்றவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். குறுகிய வாய்க்குள் பின்னால் இழுத்தால் கவ்விக்கொள்ளும் என்று எத்தனை பேருக்கு நான் விளக்கியிருப்பேன்! ஒரு பிடி விட்டு உள்ளே விழுந்ததை, அதன் உடன்பிறப்பே இறங்கி வந்து பிடித்துக்கொண்டிருந்தது, என் நெஞ்சுக்குள், என் கண்ணெதிரில். வாய் அடைபட்டிருக்காவிட்டால் கத்தியிருப்பேன்.

குகை பின்னால் நகர்ந்தது. வளையங்கள் ஒவ்வொன்றாக விலகின. தொண்டை நெருங்கியபோது மீசைக்கார டாக்டர் எச்சரித்தார். அந்த இடத்தில்தான் தட்டிவிடுமாம், தட்டினால் மறுபடி எந்தக் குழியில் விழும் என்று சொல்ல முடியாதாம். பல் டாக்டர் என் காதருகில் குனிந்தார்.

“சேச்சி, இறக்கல்லே.”

அதே சொல்! இந்த முறை எனக்குத் தெரியும். தொண்டையைக் கல்லாக்கினேன். எச்சில் குளமாக நிறைந்து கடைவாயில் வழிந்தது. விழுங்கவில்லை. உடம்பில் உள்ள அத்தனை தெய்வங்களையும் தொண்டையில் நிற்கவைத்து, விழுங்கவில்லை. ஆனால் இடது கை? அது கேட்கவில்லை. அதற்குத் தமிழ்தான் தெரியும். தானாக எழுந்து, ஆடி ஆடி, மேலே போய் நின்றது.

தலைமாட்டில் நின்ற அந்தப் பெண், பல் டாக்டர், அதை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். இறக்கவில்லை. இறக்க விடவும் இல்லை. அப்படியே, மேலேயே, பிடித்துக்கொண்டு நின்றார்.

எஃகுத் தட்டில் ‘டங்’ என்று ஒரு சின்னச் சத்தம். அதுதான் நான் கேட்டதிலேயே பெரிய மணியோசை.

வீட்டுக்காரர் நெரிசலில் சிக்கி, தலை நனைந்து வந்து சேர்ந்தபோது ஊசி ஒரு சின்னப் பாட்டிலுக்குள் இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தச் சாமான் கையில் கிடைத்தாலும் அப்படித்தான் பார்ப்பார்.

“பிடிக்க எடம் வழுவழுன்னு ஆயிட்டு, பாத்தியா. ஜாவும் தேஞ்சிருக்கும்” என்று தொடங்கியவர், ஜா என்ற இடத்தில் உடைந்துவிட்டார். காலையில் சொன்ன பகடி நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சிஸ்டர் வந்து, சாருக்கும் ஒரு கட்டில் வேணுமோ என்று கேட்கிற அளவுக்கு அழுதார். நான்தான் தொண்டை எரிய எரிய அவரைத் தேற்ற வேண்டியிருந்தது.

பல் டாக்டரை நான் விடவில்லை. குடைந்து பாதியில் நின்ற பல்லை அவரிடமே போய் முடித்துக்கொண்டேன். அந்தக் கருவியை அன்றே ஒதுக்கிவிட்டதாகச் சொன்னார். வாய்க்குள் எதுவும் விழாதபடி ரப்பர் விரிப்பு ஒன்றைப் பல்லைச் சுற்றிக் கட்டினார். எதற்கும் இருக்கட்டும் என்று, ஆரம்பிக்கும் முன், இனி எங்களுக்குள் அந்தச் சொல்லே வேண்டாம், விழுங்குவது என்றால் விழுங்குவது, கை என்றால் கை என்று பேசி முடிவு செய்தோம். இருவரும் சிரித்தோம். ஆனால் அன்று பெஞ்சில் சிரித்த சிரிப்பு இல்லை இது. இதில் ஒரு கண் திறந்தே இருந்தது.

அப்போதுதான் அவர் சொன்னார். நான் ‘ஆமாம், விழுங்கிவிட்டேன்’ என்று ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால், வயிறுதான் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டு அன்றைக்கு என்னை வீட்டுக்கே அனுப்பியிருந்தாலும் அனுப்பியிருப்பாராம். அந்த ‘இல்லை’தான் அவரைக் காரை எடுக்கவைத்தது. கையைப் பற்றி நான் சொன்ன ஒரு இல்லை! முதல் முறை அந்தச் சொல்லைத் தப்பாகப் பிடித்து ஊசியை உள்ளே விட்டேன். இரண்டாம் முறை தப்பாகப் பிடித்துப் பிழைத்தேன். இதை யாரிடம் சொல்லி ஆச்சரியப்படுவது? சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிக்கிறேன், பிறகு வீட்டுக்கு வந்ததும் உள்ளங்கை வியர்க்கிறது.

இப்போதும் சந்தில் லாரி வந்து நின்று, தூறல் விழுந்து, “இறக்கல்லே, இறக்கல்லே, மழை!” என்று யாராவது சுமட்டுக்காரரிடம் கத்தினால் என் தொண்டை நின்றுபோகிறது. எச்சில் அப்படியே வாயில் தங்குகிறது. கல்லாவில் கிடக்கும் இடது கை லேசாகத் துள்ளுகிறது. எதிரில் நின்று கோலெட் கேட்பவர் என்னை விநோதமாகப் பார்க்கிறார். நான் பெட்டியைத் திறந்து, ஒன்றுக்கு இரண்டு முறை அதன் கீறல்களை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

ஊசி நெஞ்சில் நின்றதைவிட என்னை இன்னும் உலுக்குவது, அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு சிரித்தபடி வாசல்வரை நடந்த என் கால்கள்தான்; அவற்றை நான் இன்றுவரை நம்பவில்லை, ‘படம் வரட்டும்’ என்று நின்ற அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் ஒவ்வொரு மூச்சையும் இழுத்து விடுகிறேன்.